தடுக்கும் பொருளும் தடுக்கலாகா நெஞ்சமும்





சில ஆண்டுகளுக்கு முன்னர், மரியன்னையின் பிறப்பு விழாவுக்கு முந்தின மாலையில், கோவில்பதாகையில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லி இம்மாதச் சிந்தனையைத் தொடங்குகிறோம். பகலெல்லாம் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஏரிப் பக்கத்திலிருந்து ஈரக்காற்று வீசிக்கொண்டிருந்தது. நவநாளின் கடைசி நாள். மறுநாள் சப்பரப் பவனி. கெபியைச் சுற்றியுள்ள இரும்பு வேலியில் வண்ண விளக்குச் சரங்களைக் கட்டுவதற்கு இளைஞர்கள் ஏணியோடு காத்து நின்றார்கள். ஆவடித் தொழிற்சாலை ஒன்றில் மின்பணியாளராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் ஆண்டுதோறும் இப்பணியை முன்னின்று செய்பவர். அவர் ஒயர்ச் சுருளைக் கையில் எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்து முழம் முழமாகப் பார்த்தார். பின்னர் கீழே வைத்துவிட்டார்.

“ஃபாதர், இந்த ஒயரை நான் கட்ட மாட்டேன். பிள்ளைகளையும் கட்ட விட மாட்டேன்” என்றார்.

உண்மையைச் சொல்வதானால் நாம் சினமுற்றோம். செபமாலை தொடங்க ஒரு மணி நேரமே இருந்தது. வேறு ஒயர் வாங்கக் கடைவீதிக்குப் போய் வர நேரமில்லை. “போன வருடம் இதே சரந்தானே எரிந்தது?” என்று கேட்டோம். அவர் தயங்கவில்லை. “போன வருடம் மழை இல்லை ஃபாதர்” என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை, கைகட்டி நின்றார். அன்று இரவு கெபியில் மெழுகுதிரிகள் மட்டுமே எரிந்தன. இருட்டில் நின்ற மக்கள் முணுமுணுத்தார்கள். அம்முணுமுணுப்பில் நாமும் உள்ளூரக் கலந்துகொண்டோம் என்பதை மறைப்பதற்கில்லை.

மறுநாள் காலைத் திருப்பலி முடிந்ததும் அவர் நம்மைக் கெபிக்கு அழைத்துச் சென்றார். யாரையும் அருகே விடாமல், ரப்பர்ச் செருப்பணிந்து, உலர்ந்த பலகையொன்றின்மேல் நின்றுகொண்டு, அச்சரத்தை ஈர வேலியின்மேல் போட்டு, மின்னிணைப்புக் கொடுத்தார். விளக்குகள் அழகாகவே எரிந்தன. பிறகு டெஸ்டரை எடுத்து இரும்பு வேலியில் வைத்தார். டெஸ்டரும் எரிந்தது. சரத்தின் நடுவே இரண்டு இடங்களில் ஒயர் அறுந்து, முறுக்கி இணைக்கப்பட்டு, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியால் சுற்றப்பட்டிருந்தது. அப்பிளாஸ்திரி நனைந்திருந்தது. முந்தின இரவு செபமாலையின்போது அவ்வேலியைப் பற்றிக்கொண்டு நின்றவர்கள் யாவர்? முன்வரிசையில் இடம்பிடித்த சிறுவர் சிறுமியரே. நமக்கு நா எழவில்லை.

அன்று முதல், ‘தடுக்கும் பொருள்கள்’ என்றால் நமக்கு அது வெறும் பள்ளிப் பாடமாகத் தோன்றுவதில்லை. ஆகவே அவற்றைப் பற்றி இம்மாதம் உங்களோடு சற்று விரிவாகப் பேச விழைகிறோம்.

பள்ளிப் பாடநூல்களில் எளிதிற் கடத்தி, அரிதிற் கடத்தி என்று இருவகைப் பொருள்களைப் படித்தோம். செம்பு, அலுமினியம், இரும்பு முதலிய உலோகங்களில் எலெக்ட்ரான்கள் என்னும் மின்துகள்களுள் சில ஓர் அணுவோடு கட்டுண்டிராமல் உலவுகின்றன. சிறிது உந்தினாலும் ஓடத் தொடங்கும். ரப்பர், பீங்கான், கண்ணாடி, மைக்கா, உலர்ந்த மரம், பி.வி.சி. எனப்படும் பிளாஸ்டிக் ஆகியவற்றிலோ அத்துகள்கள் தத்தம் இடத்தில் இறுகப் பிணைக்கப்பட்டிருக்கின்றன. உந்தினாலும் நகர்வதில்லை. செம்பின் தடையோடு ஒப்பிட்டால் இவற்றின் தடை கோடானுகோடி மடங்கு பெரிது. ஆனால் இவ்வாற்றல் நிபந்தனைக்கு உட்பட்டது. உலர்ந்த மரம் தடுக்கும். நனைந்த மரம் கடத்தும். புதிய பி.வி.சி. உறை தடுக்கும், வெயிலிலும் சூட்டிலும் பல்லாண்டு கிடந்து வெடித்த உறை கைவிட்டுவிடும். நம் தோலுங்கூட அப்படியே: உலர்ந்திருக்கையில் ஓரளவு தடுக்கிறது, வியர்வையிலோ மழையிலோ நனைந்தால் தடுக்கும் ஆற்றலை இழந்துவிடுகிறது. “போன வருடம் மழை இல்லை” என்று அப்பெரியவர் சொன்ன நான்கு சொற்களில் இவ்வளவும் அடக்கம்.

இவ்வேறுபாட்டை முதன்முதல் தெளிவாகக் கண்டவர் பெரும் பேராசிரியர் அல்லர். சாயத் தொழில் செய்து, முதுமையில் இலண்டனில் சார்ட்டர்ஹவுஸ் என்னும் அறநிலையத்தை அண்டி வாழ்ந்த ஸ்டீபன் கிரே என்பவர். 1729-ஆம் ஆண்டு கோடைக்காலத்தில், நண்பர் கிரான்வில் வீலரின் மாளிகையில், கண்ணாடிக் குழாயைத் தேய்த்து உண்டாக்கிய மின்சாரத்தை நீண்டதொரு சணல் நூலின் வழியே தொலைவுக்கு அனுப்ப முயன்றார். அந்நூலை அந்தரத்தில் தாங்குவதற்கு மெல்லிய பட்டு இழைகளைக் கட்டியிருந்தார்கள். ஆய்வு வெற்றி பெற்றது. பின்னர் நூலின் பாரம் தாங்காமல் ஒரு பட்டிழை அறுந்தது. வலிமை வேண்டும் என்று எண்ணி, அதற்குப் பதிலாக உலோகக் கம்பியைக் கட்டினார்கள். கம்பி அறவில்லை, ஆனால் மின்சாரம் மறுமுனைக்குச் சென்று சேரவேயில்லை. தாங்க வந்த கம்பியே அத்தனையையும் வழியில் ஒழுக விட்டுவிட்டது. மீண்டும் பட்டைக் கட்டியதும் மின்சாரம் சென்றது. வலிமையுள்ளதெல்லாம் காப்பதில்லை, மெலிந்ததெல்லாம் கைவிடுவதில்லை என்பதை அவ்விருவரும் அன்று கண்டார்கள்.

இத்தகைய பொருளுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘இன்சுலேட்டர்’ என்ற சொல், ‘இன்சுலா’ என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இன்சுலா என்றால் தீவு. குருமடத்தில் இலத்தீன் இலக்கணத்தை மனப்பாடம் செய்த நாளில் இச்சொல்லைக் கற்றோம். அது நம் கெபியில் பொருள்படும் என்று அன்று நினைக்கவில்லை. மின்சாரம் ஓடும் கம்பியை நாற்புறமும் ‘தீவாக்கி’ வைத்தால்தான் அது விளக்கேற்றும், நீர் இறைக்கும், நோயாளிக்கு மூச்சு அளிக்கும். தீவின் கரை உடைந்தால் அதே மின்சாரம் உயிரைக் குடிக்கும்.

இனி, நம் தலைக்குமேல் ஓடும் கம்பிகளைச் சற்று நிமிர்ந்து பாருங்கள். மின்கம்பங்களில் செல்லும் கம்பிகளுக்குப் பெரும்பாலும் உறையே கிடையாது என்பதைப் பலர் அறியார். கருத்துப்போன கம்பியைக் கண்டு, ரப்பர் உறை போட்டிருப்பதாக எண்ணுவாரும் உளர். அது வெற்று உலோகம். அதைச் சூழ்ந்துள்ள காற்றே அதற்குக் காப்பு. கம்பத்தைத் தொடும் இடத்தில் மட்டும் பீங்கான் தாங்கிகள் உள்ளன. குடைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினாற்போன்ற அவற்றின் உருவம் அழகுக்காக அமைந்ததன்று. மழை பெய்கையில் குடையின் மேற்புறம் நனைந்தாலும் உட்புறம் உலர்ந்தே இருக்கும். நீரின் வழியே மின்சாரம் கம்பத்துக்கு இறங்க முடியாது. தெருவில் 11,000 வோல்ட் கம்பிக்கு ஒரு பீங்கான் போதும். நெடுந்தொலைவு செல்லும் உயரழுத்தக் கோபுரங்களில் பல வட்டுகளைச் சரம்போலக் கோத்துத் தொங்கவிட்டிருப்பதைக் காணலாம். அழுத்தம் ஏற ஏற வட்டுகளின் எண்ணிக்கையும் ஏறும்.

ஆவடி நிலையத்தில் தண்டவாளத்துக்கு மேலே செல்லும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் ஓடுகிறது. அதற்கும் காற்றே காப்பு. நின்றிருக்கும் சரக்கு வண்டியின்மேல் விளையாட்டாக ஏறும் இளைஞர்கள், கம்பியைத் தொட்டால்தானே ஆபத்து என்று நினைக்கிறார்கள். தொட வேண்டியதில்லை. நெருங்கினாலே இடையிலுள்ள காற்று தன் காப்பை இழந்து, நெருப்பு பாய்ந்துவிடும். கைப்பேசியில் படம் எடுப்பதற்காக வண்டிமேல் ஏறி உயிரிழந்த பிள்ளைகளைப் பற்றிய செய்தியை நாளிதழில் காணும்போதெல்லாம், அவர்களுடைய பெற்றோரை எண்ணி மன்றாடுகிறோம். உங்கள் பிள்ளைகளிடம் இதை இன்றே சொல்லுங்கள்.

திருவிழாக்களை நடத்தும் நம் போன்றோர் நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டிய இரு நாள்கள் உண்டு. 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 27 அன்று, தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில், அப்பர் சதய விழாத் தேரின் உச்சி உயரழுத்த மின்கம்பியில் உரசியதால் சிறுவர் உட்பட 11 பேர் மாண்டனர். 2025-ஆம் ஆண்டு மார்ச் 1 அன்று, கன்னியாகுமரி மாவட்டம் இனயம் புத்தன்துறையில், நம் சகோதரரின் புனித அந்தோனியார் ஆலயத் திருவிழாப் பணியின்போது, இரும்பு ஏணி மின்கம்பியில் பட்டு நால்வர் உயிர் துறந்தனர். அது சைவர் திருவிழா, இது கத்தோலிக்கர் திருவிழா; கம்பிக்கு அவ்வேறுபாடு தெரியாது. இரண்டிலும் இறந்தவர்கள் இறைப்பற்றால் தோள் கொடுக்க வந்தவர்கள். அவர்களுக்காக மன்றாடுவது நம் கடமை. நம் பங்குகளில் அத்தகைய சாவு நிகழாதபடி காப்பதும் அம்மன்றாட்டின் ஒரு பகுதியே ஆகும்.

ஆதலால் திருவிழாக் குழுவினருக்குச் சில சொற்கள். தேரும் சப்பரமும் செல்லும் வழி முழுவதையும் கொடியேற்றத்துக்கு முன்பே நடந்து பாருங்கள். தேரின் உயரத்தை அளந்து, மின்வாரிய அலுவலகத்தில் எழுத்து மூலம் தெரிவித்து, பவனி நேரத்தில் மின்சாரத்தை நிறுத்தி வைக்கக் கேளுங்கள். கம்பி செல்லும் இடத்தில் இரும்பு ஏணியையும் அலுமினிய ஏணியையும் நிமிர்த்தாதீர்கள். விளக்குச் சரத்தை இரும்பு வேலியிலோ தகரப் பந்தலிலோ கட்டாதீர்கள். ஒயரின் இணைப்புகளுக்கு அதற்கென்றே உள்ள மின்காப்பு நாடாவைப் பயன்படுத்துங்கள். பிளாஸ்திரியும் பாலித்தீன் பையும் செல்லோ டேப்பும் காப்பு ஆகா. ஆலயத்திலும் வீட்டிலும் கசிவு மின்சாரத்தை உணர்ந்து தானே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் கருவியைப் பொருத்துங்கள். 30 மில்லி ஆம்பியர் அளவு கசிந்தாலே அது கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். யாரேனும் மின்சாரத்தில் சிக்கிக்கொண்டால் பாசத்தால் ஓடிப்போய்த் தொடாதீர்கள். முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். கம்பி அறுந்து கிடந்தால் அருகே செல்லாமல், பிறரையும் செல்லவிடாமல், மின்வாரியத்தின் மின்னகம் எண்ணாகிய 94987 94987-இல் தெரிவியுங்கள்.

மின்சாரத்தைப் போலவே வெப்பத்தைத் தடுக்கும் பொருள்களும் உண்டு. நம் சென்னைக் கடற்கரையில் அதற்குச் சான்றாகப் பழைய கட்டடம் ஒன்று இன்றும் நிற்கிறது. விவேகானந்தர் இல்லம் என்று இன்று வழங்கும் அதனை முதியவர்கள் ஐஸ் ஹவுஸ் என்றே சொல்வார்கள். 1842-ஆம் ஆண்டளவில் கட்டப்பட்ட அம்மாளிகை, அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைக்க எழுந்தது. பாஸ்டன் நகரத்து வணிகர் பிரடெரிக் டியூடர் என்பவர், குளிர்காலத்தில் ஏரிகளில் உறைந்த பனியைக் கட்டிகளாக அறுத்து வெப்ப நாடுகளுக்கு அனுப்பினார். 1833-இல் அவருடைய ‘டஸ்கனி’ என்ற கப்பல் 180 டன் பனிக்கட்டியோடு புறப்பட்டு, நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து, நான்கு திங்கள் பயணத்துக்குப் பின் கல்கத்தாவை அடைந்தது. அப்போதும் ஏறத்தாழ 100 டன் உருகாமல் எஞ்சியிருந்தது.

எது அதைக் காத்தது? மரம் அறுக்கும் ஆலைகளில் குப்பையென்று கொட்டிய மரத்தூள்! தூளுக்கும் தூளுக்கும் இடையே அசையாமல் சிறைப்பட்டிருக்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. நம் மீன்சந்தையில் பனிக்கட்டியை உமியிலும் சாக்கிலும் பொதிந்து வைப்பதும், குளிர்காலத்தில் கம்பளி நம்மைக் காப்பதும், கோழி தன் இறகைச் சிலிர்த்துக்கொள்வதும் இதே உண்மையால்தான். வெந்நீர்க் குடுவையில் அக்காற்றையும் நீக்கி, இரு சுவர்களுக்கிடையே வெற்றிடத்தையே காப்பாக வைத்தார் ஜேம்ஸ் டூவர் என்ற அறிஞர், அது 1892-இல். ஆனால் நம் முன்னோர் அதற்கு நெடுநாள் முன்பே பனை ஓலையாலும் தென்னங்கீற்றாலும் கூரை வேய்ந்து, ஓலைக்கு நடுவே காற்றைச் சிறைப்படுத்தி, கோடையை வென்றார்கள். மாடி வீட்டின் தளத்தில் மண்கலயங்களைக் கவிழ்த்து அடுக்கி, அதன்மேல் ஓடு பதித்தவர்களும் உண்டு.

இன்று நம் பங்குகளில் நோயாளிக்கு நற்கருணை கொண்டு செல்லும்போது காண்பது வேறு. ஓலைக் கூரைகள் தீக்கு அஞ்சி மறைந்தன. அவ்விடத்தில் தகரமும் ஆஸ்பெஸ்டாஸும் வந்தன. சித்திரை வைகாசியில் அவ்வீடுகளுக்குள் படுத்திருக்கும் முதியவர்களின் நிலையை நேரில் கண்டவர்களே அறிவர். தாளாக வார்த்த மெல்லிய கூரை, அப்பெயர் தாங்கியிருப்பினும், வெயிலைப் போதுமான அளவு தடுப்பதில்லை. வெள்ளைச் சுண்ணாம்பை மேற்புறம் பூசினால் வெயிலில் ஒரு பங்கு திரும்பிப் போகும். கூரைக்குக் கீழே ஓலைத் தட்டியையோ மூங்கில் பாயையோ இடைவெளி விட்டுக் கட்டினால் நடுவிலுள்ள காற்று காக்கும். இது பெருஞ்செலவு அன்று. அன்பியங்கள் மனம் வைத்தால் ஒரு கோடையில் ஒரு தெருவுக்கே செய்து முடிக்கலாம். அடுப்புத் தீயை மட்டும் தட்டிக்கு எட்டாமல் வைக்கவேண்டும்.

ஆஸ்பெஸ்டாஸைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அச்சொல் கிரேக்கம், ‘அவிக்க முடியாதது’ என்பது அதன் பொருள். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் அணையா நெருப்பைப் பற்றி ஆண்டவர் எச்சரிக்கும் இடத்தில் நற்செய்தியாளர் மாற்கு எழுதியது இச்சொல்லையே. தீயிலும் எரியாத இக்கனிம இழையைத் தொழிலுலகம் ஒரு காலத்தில் அற்புதப் பொருளாகக் கொண்டாடிற்று. கொதிகலனிலும் கப்பலிலும் கூரையிலும் அதையே வைத்தார்கள். ஆனால் அதன் நுண்ணிய இழைகள் மூச்சோடு நுரையீரலில் புகுந்து தங்கி, இருபது முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் புற்றுநோயை விளைவிக்கக்கூடும். அதன் எல்லா வகைகளும் புற்றுநோய் தருவன என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்துள்ளது. நம் உச்ச நீதிமன்றம் 1995-இல் அளித்த தீர்ப்பில், இத்தொழிலில் ஈடுபட்ட ஒவ்வொருவரின் உடல்நலப் பதிவேட்டையும் குறைந்தது 40 ஆண்டுகள் காக்கும்படி கட்டளையிட்டது. நோய் எவ்வளவு காலம் ஒளிந்திருக்கும் என்பதை இதனால் உணரலாம். எனவே பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகட்டை உடைக்கவோ, அறுக்கவோ, உலர்ந்த நிலையில் துளையிடவோ வேண்டாம். கழற்ற நேர்ந்தால் நீர் தெளித்து, முகத்தை முறையாக மூடி, உடையாமல் இறக்குங்கள். பிள்ளைகளை அருகே விடாதீர்கள். நெருப்பைத் தடுப்பது என்பதற்காகவே ஒன்றை நம்பிவிடலாகாது. அது வேறு எதை உள்ளே விடுகிறது என்றும் கேட்க வேண்டும்.

மூன்றாவதாக ஒலி. ஒலியைத் தடுப்பதற்குக் கனமான சுவரும் இடுக்கில்லாத கதவும் வேண்டும். எத்துணைப் பெரிய சுவராயினும் சிறு பிளவு இருந்தால் ஒலி அதன் வழியே வந்துவிடும். திரைச்சீலையும் கயிற்றுப்பாயும் ஒலியை உறிஞ்சி எதிரொலியைக் குறைக்கும், அவ்வளவே. சிமெண்டுச் சுவர்கள் நிறைந்த நம் ஆலயங்களில் மறையுரை எதிரொலியில் கரைவதையும், ஞாயிறன்று மக்கள் நிறைந்ததும் அதே ஆலயத்தில் சொல் தெளிவாவதையும் கவனித்திருப்பீர்கள். மக்களின் உடலும் உடையுமே அங்கு எதிரொலியைக் குறைக்கின்றன. ஆலயம் நிரம்ப வேண்டும் என்று நாம் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்!

ஆனால் நம் ஒலிபெருக்கியிலிருந்து அண்டை வீட்டாரைக் காக்கும் பொருள் எது? ஓட்டு வீட்டில் கைக்குழந்தையோடு இருக்கும் தாய்க்கும், தேர்வுக்குப் படிக்கும் மாணவனுக்கும், இரவுப் பணி முடிந்து பகலில் உறங்கும் தொழிலாளிக்கும் கனமான சுவர் ஏது? சென்னை மாதவரம் நெடுஞ்சாலையை அடுத்த கே.கே.ஆர். நகரில் ஒரு கிறித்தவ சபையின் ஒலிபெருக்கியைப் பற்றி அப்பகுதி மக்கள் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பிறருடைய அமைதியைக் குலைத்து வழிபட வேண்டும் என்று எந்தச் சமயமும் விதிக்கவில்லை என்ற கருத்தில் 2000-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று தீர்ப்பு வந்தது. அச்சபை நம்முடையதன்று என்று தள்ளிவிட வேண்டாம். நம் கோபுரத்துக் குழாய்களுக்கும் அத்தீர்ப்பு பொருந்தும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பதும், குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என்பதும் அதே 2000-ஆம் ஆண்டில் வந்த விதிகள். அண்டை வீட்டில் சுவர் இல்லையென்றால், நம் கட்டுப்பாடே அவர்களுக்குச் சுவராக வேண்டும்.

ஒலியைத் தடுக்கும் வேறொரு சுவரும் நம் ஆலயத்தில் உண்டு. பாவசங்கீர்த்தனத் தொட்டியின் மெல்லிய மரப்பலகையைச் சொல்கிறோம். அப்பலகைக்கு உண்மையில் ஒலியைத் தடுக்கும் ஆற்றல் குறைவு. அதைத் தடுப்பது குருவின் வாய். கேட்டதை எக்காரணத்தாலும், எச்சொல்லாலும், எக்குறிப்பாலும் வெளியிடலாகாது என்பது திருச்சபைச் சட்டம். பிராகு நகரத்துக் குருவான புனித நெப்போமுக் யோவான் 1393-இல் அரசன் ஆணையால் ஆற்றில் அமிழ்த்திக் கொல்லப்பட்டார். அரசியின் பாவசங்கீர்த்தன இரகசியத்தைச் சொல்ல மறுத்ததே காரணம் என்று மரபு கூறும். அவரைத் திருச்சபை புனிதராக உயர்த்தியது 1729-இல். ஸ்டீபன் கிரே பட்டிழையின் பெருமையைக் கண்ட அதே ஆண்டு. ஒருவர் தம்மிடம் வந்ததை மேலே செல்லவிடாமல் நிறுத்தினார். மற்றவர் அவ்வாறு நிறுத்தும் பொருளைக் கண்டார்.

இல்லறத்தாரே, இது குருக்களுக்கு மட்டும் உரிய அறம் அன்று. தெருக் குழாயடியில் கேட்ட பழிச்சொல் உங்களிடம் வந்து நின்றுவிட்டால், ஒரு குடும்பம் தப்பும். மாமியார் சினத்தில் சொன்னதை மருமகளிடம் கொண்டுபோகாத மகன், இரு உயிர்களுக்கு நடுவே பீங்கானாக நிற்கிறான். தன் வாய்க்குக் காவல் வைக்கும்படி திருப்பாடல் ஆசிரியர் இறைவனை மன்றாடினார். அதை நாமும் மன்றாடுவோம்.

எனினும், ஓர் எச்சரிக்கையோடு முடிக்க வேண்டும். கம்பியைத் தீவாக்கலாம், மனிதன் தீவாகலாகாது. நற்செய்தியில் வரும் செல்வர் இலாசரை அடித்தவர் அல்லர், விரட்டியவரும் அல்லர். வாயிலுக்கு வெளியே கிடந்தவனுடைய பசி வாயிலுக்கு உள்ளே எட்டவில்லை, அவ்வளவே. அம்மாளிகையின் காப்பு அத்தனை நேர்த்தியாக இருந்தது. குளிரூட்டிய அறையும் கதவடைத்த மாடியும் காதில் மாட்டிய கருவியும் இன்று நமக்கு எளிதில் கிடைக்கின்றன. அவை வெயிலையும் இரைச்சலையும் தடுக்கட்டும். அடுத்த வீட்டு அழுகையையும் அவை தடுத்துவிட்டால், நாம் அறியாமலே அச்செல்வரின் மேசையில் அமர்ந்துவிட்டோம் என்பதே பொருள்.

அன்று மாலை விளக்கைக் கட்ட மறுத்த அப்பெரியவரை மீண்டும் எண்ணிப் பார்க்கிறோம். பங்குத்தந்தையின் சினமும் மக்களின் முணுமுணுப்பும் அவரைத் தாண்டிச் செல்லவில்லை. அவர் அவற்றைத் தம்மோடு நிறுத்திக்கொண்டார். ஆனால் மறுநாள் வேலியைத் தொட இருந்த சிறு கைகளின் துன்பம் முன்கூட்டியே அவர் நெஞ்சைத் தொட்டுவிட்டது. எதைத் தடுக்க வேண்டும், எதை உள்ளே விட வேண்டும் என்பதை அவர் நம்மைவிட நன்கு அறிந்திருந்தார். அவ்வாண்டு விழாவின் நன்றியுரையில் அவர் பெயரைச் சொல்ல நாம் மறந்தோம். அடுத்த ஞாயிறு அவர் வீட்டுக்குச் சென்று, மன்னிப்புக் கேட்டு, நன்றி கூறினோம். “அதுக்கென்ன ஃபாதர், மழை வந்துச்சே, அதான்” என்று சொல்லிக் காப்பி தந்தார்.

இத்திங்கள் உங்கள் வீட்டு ஒயர்களை ஒருமுறை பாருங்கள். கூரையைப் பாருங்கள். ஒலியளவைப் பாருங்கள். வேண்டாம் என்று சொல்லும் நல்லவர் ஒருவர் உங்கள் நடுவே இருந்தால், அவர் சொல்லைத் தட்டாதீர்கள். பின்னர் வாயிலைத் திறந்து, வெளியே யார் இருக்கிறார் என்றும் பாருங்கள்.

இறையாசி உங்கள் அனைவரோடும் இருப்பதாக.